இருநூறு லிட்டர் கடல்

ஓஸ்வால்ட் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் வெறும் "ம்". அதுவும் வாயைத் திறக்காமல் சொன்னது. நாக்கு கூசாமல் பக்கம் பக்கமாகப் புளுகுகிறவனெல்லாம் ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறான். இந்த மனிதர் ஒரு "ம்" சொல்லிவிட்டு ஏழு வாரம் பட்ட பாடு இருக்கிறதே, அது எதிரிக்குக்கூட வேண்டாம்.

ஓஸ்வால்ட் கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃப் பக்கம் பிறந்து, சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் கம்ப்ரஸரை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். சுரங்கம் மூடிய நாளில் அந்தக் கம்ப்ரஸரை நிறுத்தியதும் அவர் கைதான். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். அதன்பின் மனைவி கிரேஸோடு பெங்களூர் வந்து, அடுகோடியில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு வீடு பிடித்து, ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஜெனரேட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே மகளைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பார். சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கிரேஸ் ஒரு கலர் டி.வி. வாங்கி வைத்தாள். அவர் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

2004 ஆகஸ்டில் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு மீன் தொட்டி வந்து உட்கார்ந்தது. சாதாரணத் தொட்டி இல்லை, கடல் தொட்டி. இருநூறு லிட்டர். கம்பெனியின் வரவேற்பறையில் அழகுக்கு வைத்திருந்தார்கள். கம்பெனி பெரிய கட்டடத்துக்கு மாறியபோது, அங்கே செயற்கை நீர்வீழ்ச்சி வைக்கப்போவதால் இது வேண்டாம், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டீஸ் போட்டார்கள். டீ இடைவேளையில் டீ குடிக்காமல் ஏழு மாதமாக அந்தத் தொட்டி முன்னாலேயே நின்றுகொண்டிருந்த ஓஸ்வால்ட், நோட்டீஸில் பசை காய்வதற்குள் கை தூக்கிவிட்டார்.

தொட்டியில் பாறைகள் இருந்தன. வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டு இருந்தன. நடுப்பாறையில் ஒரு அனிமோன் இருந்தது. பார்த்தால் பூ, ஆனால் பிராணி. வெளிர்பச்சை விரல்கள் நூறை விரித்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கும். வேறு எந்த மீன் தொட்டாலும் கொட்டிவிடும். இந்த இரண்டை மட்டும் கொட்டாது. அவை அதன் மடியில்தான் புரளும், அங்கேயேதான் தூங்கும். கிரேஸ் மீன்களுக்கு டோலி, டோனி என்று பேர் வைத்தாள். அனிமோனுக்குப் பேர் வைக்க மறுத்துவிட்டாள். "மொகம் இல்லாததுக்கு எப்படிங்க பேர் வெக்கிறது?" என்றாள்.

தொட்டியை வந்து பொருத்திக் கொடுத்தவன் ராகேஷ். மீன் கடை வைத்திருப்பவன், கம்பெனியில் அதைப் பராமரித்தவனும் அவன்தான்.

"அங்கிள், ஒண்ணு சொல்லிடறேன். மீன் எப்படியாவது பொழச்சிக்கும். இந்தப் பூ இருக்கே, இது ரொம்ப மானஸ்தி. உப்பு கொஞ்சம் ஏறினா போச்சு, எறங்கினா போச்சு. கொழாத் தண்ணி பட்டா போச்சு. பெங்களூர்ல வீட்ல வெச்சவங்க யார்கிட்டயும் இது மூணு மாசம் தாண்டினதே இல்ல."

ஓஸ்வால்ட் மனசுக்குள் ஒரு தீர்மானம் பண்ணிக்கொண்டார். இது என் கையில் சாகக் கூடாது. எது செத்தாலும் சாகட்டும், என் கை நிறுத்தி ஒன்று நின்றது போதும். அன்றிலிருந்து மனிதருக்கு அது ஒன்றுதான் பேச்சு, மூச்சு எல்லாம். பி.வி.சி. குழாயும் அக்ரிலிக் தகடும் வாங்கிவந்து, ராகேஷே வாயைப் பிளக்கும்படி ஒரு ஸ்கிம்மர் செய்து மாட்டினார். அது தண்ணீருக்குள் காற்றை அடித்து, அழுக்கையெல்லாம் நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் கொட்டும். காற்று அடிக்கிற வேலையை ஓஸ்வால்ட்டுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

சிக்கல் தண்ணீரில் வந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது பாதித் தொட்டிக்குத்தான் வந்தது. மீதிக்கு வெளிநாட்டு உப்பு பாக்கெட் வாங்கிச் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும் என்றான் ராகேஷ். விலையைக் கேட்டதும் கிரேஸ் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உப்புத் தண்ணிக்கு வெளிநாட்டு உப்பா? நல்லா இருக்கே கதை! நான்தான் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போறேனே. கடலே அங்கதான இருக்கு. எத்தினி கேன் வேணும்?"

கோவில் பஸ் செப்டம்பர் பத்தாம் தேதி திரும்பி வந்தது. கூரைமேல் ஐந்து பெரிய கேன், உள்ளே ஒரு சின்ன கேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் சாமந்தி மாலை. பஸ்ஸில் வந்த அறுபது பேரும் வழி நெடுக ஜெபமாலை சொல்லிக் காவல் காத்த தண்ணீர். சந்துக்குள் கேன்களை இறக்கியபோது தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது. பெரிய தவறு நடந்தது அங்கேதான். ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கிரேஸ் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ராகேஷ் வந்து, கேனிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினான். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையானது. இன்னொரு கேன். அதுவும் பச்சை. ஆறும் பச்சை.

"அங்கிள், திருவிழா டைம்ல லட்சக்கணக்கான ஜனம் மொட்டை அடிச்சிக்கிட்டு, சந்தனத்தோட முழுகின எடத்துல மொண்டிருக்காங்க. இதை ஊத்தினா சாயந்தரத்துக்குள்ள உங்க பூவுக்குக் காரியம்தான்."

ஓஸ்வால்ட் மாலைகளைக் கழற்றிப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு கேனாகக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு கேனுக்கும் ஒரு சிலுவை போட்டு, "மாதாவே மன்னிச்சிடு" என்று சொல்லிச் சொல்லிச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்த்தார். அந்த மாத ஓவர்டைம் மொத்தத்தையும் கொட்டி உப்பு வாங்கி, சுத்தத் தண்ணீரில் கரைத்து, அளந்து, தொட்டியை நிரப்பினார்.

சாயந்தரம் கிரேஸ் வந்தாள். தொட்டி விளிம்பு வரை நிறைந்து ஜொலித்துக்கொண்டிருந்தது. அனிமோன் அதுவரை விரியாத அளவுக்கு விரிந்திருந்தது.

"பார்த்தீங்களா! மாதா தண்ணி ஊத்தினதும் எப்படி மலர்ந்து போச்சு பாருங்க! இல்லியா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பார்த்துக்கொண்டே இவரால் என்ன சொல்ல முடியும்?

"ம்" என்றார்.

இத்தோடு போயிருந்தால் ஒரு மனிதனின் மனசாட்சிக் கணக்கோடு முடிந்திருக்கும். போகவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமம்மா வந்தார். முப்பது வருஷம் ஊதுவத்தி உருட்டி முழங்கால் இரண்டையும் பறிகொடுத்தவர். தமிழில் கன்னடம் கலந்துதான் பேசுவார்.

"ஏம்மா கிரேஸு, அந்த மாதா தண்ணி ஒரு லோட்டா கொடேன். முட்டிக்குத் தடவிப் பாக்கறேன். சொல்ப போதும்."

கிரேஸ் கொடுத்தாள். லட்சுமம்மா தடவினார். மூன்றே நாளில் வலி போய், கைத்தடி இல்லாமல் சந்து முனை வரை நடந்து காட்டினார். அந்த மூன்று நாளும் மகள் வீட்டில் கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்துக் கிடந்தார் என்பதை ஒருத்தரும் பேசவில்லை.

அடுத்து, எதிர்ச்சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முனிகிருஷ்ணன் ஒரு பாட்டில் வாங்கிப்போனார். அவர் கடை வாசலில் எட்டு மாதமாக யாரும் மூடாத ஒரு பள்ளம் இருந்தது. எத்தனை மனு கொடுத்தும் நடக்காததால் வெறுத்துப்போய்ப் பள்ளத்தைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்தார். மறுநாள் காலையில் லாரி வந்து மண் கொட்டி மூடிவிட்டது.

அதன்பிறகு யார் சொல்லி யார் கேட்பது? முட்டி வலி போவதாவது எங்கேயாவது நடக்கும். அடுகோடியில் பள்ளம் மூடுவதென்றால் அது தெய்வச் செயல்தான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை, பிரசவத்துக்கு நாள் பார்க்கிற பெண், ஸ்டார்ட் ஆகாத ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் போயிற்று. ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனாலும் அதன் சொந்தக்காரர் நம்பிக்கை தளராமல் இரண்டாவது பாட்டில் வாங்கிப்போனார்.

கிரேஸைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வருஷமாக அந்தச் சந்தில் அவளுக்குப் பேர் "கோலார்காரம்மா". குழாயடியில் நகர்ந்து நின்றுகொள்வார்கள், அவ்வளவுதான். இப்போது "கிரேஸக்கா" என்று வீட்டுக்குள் வந்து உட்காருகிறார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு கன்னடத்து வீட்டில் சுமங்கலிகளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கிற அரிசினக் குங்குமத்துக்கே அழைத்து, கழுத்தில் ஜெபமாலையோடு இருந்தவளுக்கு ரவிக்கைத் துணியும் தேங்காயும் கொடுத்தார்கள். அன்று இரவு சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று ஓஸ்வால்ட்டுக்கு நினைவில்லை.

ஆனால் தொட்டி? தினம் மூன்று லிட்டர், நாலு லிட்டர் இறங்கியது. ஓஸ்வால்ட் வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாராயம் காய்ச்சுகிறவன்போல் வாளியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை தெருவின் நல்ல குணம். ஒரு லோட்டா எடுத்தவர்கள், "கொறஞ்சா நல்லா இருக்காது" என்று ஒரு லோட்டா குழாய்த் தண்ணீரைப் பதிலுக்கு ஊற்றிவிட்டுப் போனார்கள். உப்பு அளக்கிற மிதவை நாளுக்கு நாள் கீழே போயிற்று. அனிமோனின் விரல்கள் பாதிதான் விரிந்தன. டோலி சோறு எடுக்கவில்லை.

"கிரேஸு, அதுல மீன் மூத்திரம் போவுது, பீ போவுது. அதைப்போய் ஜனம் குடிக்குது" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

"மாதா தண்ணில இருந்துகிட்டு அதுங்க போறது எப்படிங்க அசுத்தமாவும்?"

"அது மாதா... இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"என்ன?"

"மீன் எளச்சிப்போச்சு."

"நீங்களுந்தான் எளச்சிட்டீங்க. குடிக்கிறீங்களா ஒரு முழுங்கு?"

ஓஸ்வால்ட் எழுந்து வெளியே போய்விட்டார். உண்மையைச் சொன்னால் தண்ணீர் எடுப்பது அன்றோடு நிற்கும். பூ பிழைக்கும். ஆனால் அறுபது பேர் ஜெபம் சொல்லிக் கொண்டுவந்ததைச் சாக்கடையில் ஊற்றியவரின் பெண்டாட்டியாகக் கிரேஸ் அந்தச் சந்தில் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் பூ செத்துப்போகும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு வாரம் ஓட்டிவிட்டார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. எட்டு மணிப் பூசை முடிந்து இருவரும் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடந்தது. தண்ணீர் எடுக்க வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வீட்டுச் சாவியை லட்சுமம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவது கிரேஸின் ஏற்பாடு. உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. கூடவே யாரோ "மரியே வாழ்க" சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓஸ்வால்ட் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். தொட்டியின் பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கிண்ணத்தைத் தாண்டி, டி.வி.யைத் தாண்டி, தரையில் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. நுரைக்கு நடுவில் லட்சுமம்மா கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீரோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். கையில் வெட்டிய பால் பாக்கெட்.

"தம்பி! மாதா பொங்குறா தம்பி! என் முட்டி சரியானதுக்கு வேண்டுதல். அரை லிட்டர் பாலுதான் ஊத்தினேன், அவ்ளோதான். எப்படிப் பொங்குறா பாருங்க!"

ஓஸ்வால்ட்டுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ஊற்றிய பாலை அழுக்கென்று எடுத்துக்கொண்டு அவருடைய ஸ்கிம்மர் மாடாய் உழைத்துக்கொண்டிருந்தது. தொட்டி முழுக்க மோர். அந்த மோருக்குள் அனிமோன் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, பாறையில் ஒட்டிய சதைத் துண்டாகக் கிடந்தது. டோலியும் டோனியும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

செல்போனில் ராகேஷைப் பிடித்தார்.

"பாலா?" என்று அவன் அலறினான். "அங்கிள், ஒரு மணி நேரத்துக்குள்ள பாதித் தண்ணியை மாத்தணும். இல்லேன்னா பால் கெட்டு, தண்ணில இருக்கிற காத்தெல்லாம் போயிடும். ஒண்ணும் மிஞ்சாது."

"உப்பு தீந்துபோச்சுடா. கடையத் தெற!"

"நான் மைசூர்ல கல்யாணத்துல இருக்கேன் அங்கிள். சாவி என் பாக்கெட்ல இருக்கு."

குளியலறையில் கரைத்து வைத்தது இருபது லிட்டர். குறைந்தது எண்பதாவது வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பெங்களூரில், சரியான உப்பில் சுத்தமாகக் கரைத்த அறுபது லிட்டர் கடல் எங்கே கிடைக்கும்? ஓஸ்வால்ட் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். எல்லாம் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாமி அலமாரியில், ஃபிரிஜ்ஜில், கட்டிலுக்கு அடியில். எல்லாம் அவர் கையால் கரைத்தது.

வாசலுக்கு வந்து படியில் ஏறி நின்றார்.

"எல்லாரும் எடுத்துட்டுப் போன தண்ணியத் திருப்பிக் கொண்டாங்க. சீக்கிரம். மீனுங்க சாவுது."

"என்ன சார், குடுத்த பிரசாதத்தை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" என்றார் முனிகிருஷ்ணன். "என் கடை வாசல்ல இன்னொரு பள்ளம் விழுந்தா யார் பொறுப்பு?"

கூட்டம் தலையாட்டியது. ஒரு கால்கூட நகரவில்லை. உள்ளே தொட்டியின் பம்பு சத்தம் மாறிக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும் கேட்டது. ஏழு வாரமாகத் தொண்டையில் நின்றது அப்படியே வெளியே வந்து விழுந்தது.

"அது பிரசாதமும் இல்ல, மாதா தண்ணியும் இல்ல! வேளாங்கண்ணித் தண்ணி கெட்டுப்போயிருந்துச்சு. ஊத்தினா மீன் செத்துடும்னு ஆறு கேனையும் நான்தான் பாத்ரூம்ல கொட்டினேன். நீங்க எடுத்துட்டுப் போனது பாக்கெட் உப்பு. நான் வாளியில கரைச்சது. போதுமா?"

கல்லெடுத்து அடிப்பார்கள் என்றுதான் ஓஸ்வால்ட் நினைத்தார். அதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"பாத்தியா," என்றது ஒரு குரல், "பொங்கினதும் மொத்தத் தண்ணியும் அவங்களுக்கே வேணுமாம். அதுக்குத்தான் இந்தக் கதை."

"அதானே! பாக்கெட் உப்புக்குப் பள்ளம் மூடுமா?" என்றார் முனிகிருஷ்ணன்.

லட்சுமம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார். "என் முட்டி பொய் சொல்லுமா தம்பி? நீங்க சும்னே ஏதோ சொல்றீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரறிய உண்மை பேசியிருக்கிறார், ஒருத்தர்கூட நம்பவில்லை! ஓஸ்வால்ட் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார். கதவு நிலையில் கிரேஸ் நின்றுகொண்டிருந்தாள். பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவை, கையில் பைபிள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தெருவில் நம்பிய ஒரே ஆள் அவள்தான். இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அவர் குரலில் உண்மை எது என்று தெரியாதா?

அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். பைபிளை அவர் கையில் திணித்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

"இங்க பாருங்க. அவர் சொல்றது நெஜம்னா, நீங்க வெச்சிருக்கிறது வெறும் உப்புத் தண்ணி. அதை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? பொய்னா, அது மாதா தண்ணி. உள்ள மூணு ஜீவன் துடிக்குது. சாவற ஜீவனுக்கு உதவாத மாதா தண்ணி உங்க அலமாரியில எதுக்கு? ரெண்டுல எதுவா இருந்தாலும் ஓடிப்போய்க் கொண்டாங்க. லட்சுமம்மா, மொதல்ல நீங்க. அந்த முட்டி நல்லாத்தானே இருக்கு? ஓடுங்க!"

லட்சுமம்மா ஓடினார். சத்தியமாக ஓடினார். அறுபத்து நாலு வயசில் அவர் ஓடுவதைப் பார்த்ததும் மொத்தத் தெருவும் பின்னாலேயே ஓடியது.

பத்து நிமிஷத்தில் வீட்டு வாசல் பழைய பாட்டில் கடையானது. கூல்டிரிங்ஸ் பாட்டில், பினாயில் கேன், குழந்தைக்கு மருந்து ஊற்றும் குப்பி, சில்வர் தூக்கு, பித்தளைச் செம்பு என்று வராத பாத்திரம் இல்லை. கிரேஸ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடி திறந்து மோந்து பார்த்தாள். பினாயில் கேனைத் தூர நகர்த்தினாள்.

"துளசி போட்டிருக்கு, அந்தப் பக்கம். இது கற்பூரம், தள்ளு. இது மஞ்சள். இது நல்லா இருக்கு, உள்ள கொடு. இது..." நிமிர்ந்தாள். "முனிகிருஷ்ணன் அண்ணா, இதுல பிராந்தி வாசனை அடிக்குதே?"

"பாட்டில் அப்படிம்மா. நான் இல்ல, பாட்டில்தான்" என்று முனிகிருஷ்ணன் மென்று விழுங்கினார்.

தேறியது அறுபத்தொரு லிட்டர். ஓஸ்வால்ட் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பால் தண்ணீரை வெளியேற்றினார். சந்தே வரிசையாக நின்று பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்பியது. பெண்கள் தரையிலிருந்த நுரையை முறத்தால் வாரினார்கள். பதினொரு மணிக்குத் தண்ணீர் கஞ்சி நிறத்துக்கு வந்தது. பன்னிரண்டுக்குப் பாறை தெரிந்தது. ஒரு மணிக்கு டோனி கீழே இறங்கினான், டோலி பின்னாலேயே போனாள்.

பூ மட்டும் அசையவில்லை. ஒருத்தரும் சாப்பிடப் போகவில்லை. ஓஸ்வால்ட் தொட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஏந்திரி, ஏந்திரி கண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. துடைக்கச் சொல்ல யாருக்கும் தைரியமும் வரவில்லை.

நாலு மணிக்கு ஒரு விரல் நீண்டது. அப்புறம் பக்கத்திலேயே இன்னொன்று. பத்து விரல் நீண்டதும் டோலி மெதுவாக வந்து அதற்குள் உடம்பை நுழைத்துக்கொண்டாள். தெரு கைதட்டியது. முனிகிருஷ்ணன் விசில் அடித்துவிட்டு, அடித்தது தான் இல்லை என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

கிரேஸ் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து, வாசலில் நின்று வழியனுப்பினாள். "இனிமே இந்தத் தொட்டித் தண்ணி யாருக்கும் ஒரு சொட்டு கிடையாது. அது அதுங்களுக்கு வீடு. ஆனா வீட்டுக்கு எப்ப வேணா வாங்க. டீ உண்டு" என்றாள். லட்சுமம்மாவிடமிருந்து சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்தியதும் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது ஓஸ்வால்ட்டுக்கு. கிரேஸ் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆறு கேனுமா?"

"ஆறும்."

"அதுல சின்னது ஒண்ணு. மூடி சரியில்லாம ஒழுகிட்டே இருந்துச்சு. மேல போட்டா பாதி போயிடும்னு வேளாங்கண்ணில இருந்து இங்க வரைக்கும் என் மடியிலயே வெச்சிட்டு வந்தேன். காலு மரத்துப்போச்சு. புடவை பூரா உப்பு பூத்துப்போச்சு. அதையுமா?"

ஓஸ்வால்ட்டுக்கு இன்னொரு பொய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

"அதைத்தான் மொதல்ல ஊத்தினேன். கைக்கு லேசா இருந்துச்சு."

கிரேஸ் எழுந்து சமையலறைக்குள் போனாள். கரண்டி எடுத்து வருவாள் என்று எதிர்பார்த்து அவர் நகராமல் நின்றார். அவள் கொண்டுவந்தது மாதா உருவத்தில் செய்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில். நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி.

"பஸ் ஏறுமுன்னாடி அந்தக் கேன்ல இருந்து இதுல கொஞ்சம் எடுத்து வெச்சேன். பொண்ணுக்கு அனுப்பலாம்னு." கிரீடத்தைத் திருகித் திறந்து, அதிலேயே தண்ணீரை ஊற்றினாள். ஒரு மூடி நிறைய வந்தது. "இதை இப்ப ஊத்தட்டுமா?"

ஓஸ்வால்ட் மூடியைப் பார்த்தார். கரும்பச்சைக் குப்பி கண்முன் வந்தது. மொட்டை, சந்தனம், லட்சம் பேர். இருநூறு லிட்டருக்கு ஒரு மூடி என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஒன்றும் ஆகாது. ஆகாதுதானே? பூ இப்போதுதான் பத்து விரல் விரித்திருக்கிறது.

"எதுக்கு கிரேஸு?"

"ஏழு வாரமா நான் ஊர் பூரா மாதா தண்ணி, மாதா தண்ணின்னு சொல்லிட்டேன். நீங்களும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டீங்க. இதை ஊத்திட்டா நான் சொன்னது நெஜமாயிடும். நீங்களும் பொய் சொன்னவர் இல்ல."

அவள் குரல் உடைந்தது. கோபத்திலா, வருத்தத்திலா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் அவள் பாத்தியப்பட்டவள் என்பது மட்டும் புரிந்தது. இத்தனை பெரிய மனசுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லப் பயந்து ஏழு வாரம் செத்துப் பிழைத்தோமா என்று ஓஸ்வால்ட்டுக்கு வெட்கமாக இருந்தது.

"ஊத்து" என்றார்.

கிரேஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். டோனி வந்து அந்த இடத்தை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, பூவுக்குள் திரும்பிப் போனான். பிறகு கிரேஸ் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, அரிசி களைய உட்கார்ந்தாள்.